நடுவில் விழுந்ததெல்லாம் அவளுடையது

லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் அந்தக் காலத்தில் எங்களோடு ஷட்டில் ஆடிய பெண்களில் யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள். அக்காவோடு ஜோடி சேர்ந்து ஆடுவது, சும்மா நின்று சம்பளம் வாங்குகிற வேலை. நான்தான் அந்தச் சம்பளக்காரி. மழைக்காலம் போக மற்ற நாளெல்லாம், வருஷக்கணக்காக, மட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். ஆடினேன் என்று சொன்னால் அவளே சிரிப்பாள்.

பெயர் வேண்டாம். குவார்ட்டர்ஸில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. என்னைவிட எட்டு, பத்து வயது மூத்தவள். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை. நான் தவளக்குப்பத்துப் பக்கம் பயிர் வைக்கிற குடும்பத்திலிருந்து வேலை கிடைத்து டவுனுக்கு வந்தவள். அவள் ரெட்டியார்பாளையத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தம்பி, அவனும் பிரான்சில். குவார்ட்டர்ஸில் கீழ் வீட்டில் தனியாக இருந்தாள். மேல் வீட்டில் நானும் வீட்டுக்காரரும் குழந்தையும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் 'வாங்க, போங்க' என்று பேசியபோது முகத்தைச் சுளித்தாள்.

"நீங்க நாங்கன்னு பேசறதா இருந்தா ஆபீசர் ரூமுக்குப் போய் பேசு. என்னை அக்கான்னு கூப்புடு. நீன்னு பேசு."

அன்றிலிருந்து அப்படித்தான்.

இரண்டு பிளாக்குகளுக்கு நடுவில் ஒரு சிமென்ட் தரை இருந்தது. யார் எதற்காகப் போட்டார்களோ, அதில் எங்கள் வீட்டுக் கோலமாவை எடுத்துக் கோடு கிழித்துக்கொண்டோம். வலையின் ஒரு முனை முருங்கை மரத்தில், மறு முனை விளக்குக் கம்பத்தில். விடிந்தும் விடியாமலும் இறங்கிவிடுவோம். நைட்டி, தோளில் ஒரு துண்டு, காலில் கேன்வாஸ் ஷூ. அந்தக் கோலத்தைப் பார்த்துப் பால்காரர் சைக்கிளை மிதிக்க மறந்து நிற்பார். குழாயில் தண்ணீர் வரும் வரைக்கும்தான் ஆட்டம். தண்ணீர் வந்துவிட்டது என்று மாடியிலிருந்து ஒரு குரல் வந்தால், யார் எத்தனை பாயிண்ட்டில் இருந்தாலும் மட்டையைப் போட்டுவிட்டுக் குடத்தைத் தேடி ஓட வேண்டியதுதான்.

டபுள்ஸ் ஆடியவர்களுக்குத் தெரியும், இரண்டு பேருக்கும் நடுவில் வந்து விழுகிற இறகுப்பந்து, அந்தக் காக்தான் ஜோடியைப் பிரிக்கும். நீ எடுப்பாய் என்று நானும், நான் எடுப்பேன் என்று நீயும் பார்த்துக்கொண்டு நிற்க, அது பாட்டுக்குத் தரையில் விழும். அப்புறம் அரை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிய வேண்டும். எங்களுக்குள் அந்தத் தகராறே வந்ததில்லை. காக் வலையைத் தாண்டும்போதே எனக்குப் பின்னாலிருந்து "லெஸ்!" என்று ஒரு கத்தல் வரும். பிரெஞ்சில் 'விடு' என்று அர்த்தம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வளையம் வீசி ஆடும்போது மசேர் கத்துவாராம். மசேர் என்றால் கன்னியாஸ்திரீ. அவரிடமிருந்து இவளுக்கு ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தானாகத் தாழ்ந்துவிடும். உடனே அவளுடைய ஷூ தரையில் தட்தட்டென்று ஓடி வரும். அவ்வளவுதான், காக் அந்தப் பக்கம் போயிருக்கும்.

நடுவில் விழுவதை எடுத்தாள் என்றால் சரி. எனக்கு முன்னால் விழுவதையும் எடுத்தாள். என் தலைக்கு மேலே வருவதையும் எடுத்தாள். ஒரு நாள் என் மட்டை காக்கில் படப் போகிற நேரத்தில் குறுக்கே புகுந்து அடித்தாள். எனக்கு வந்ததே கோபம்.

"ஏன்க்கா, நான் என்னா இங்க முருங்க மரமா? வலைய கட்டத்தான் நிக்கறேனா?"

"கோச்சிக்காத. நடுவுல விழுந்துச்சு, எடுத்தேன்."

"இதாக்கா நடுவுல? என் மூக்குக்கு நேரா வந்துச்சு!"

"உன் மூக்கு நடுவுலதானடி இருக்குது" என்றாள். எதிர்ப்பக்கம் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான் சிரித்துத் தொலைத்தேன்.

அலுவலகத்திலும் இதே கதை. எங்கள் செக்‌ஷனில் இரண்டு மேஜைக்கும் பொதுவான வேலை எது வந்தாலும் அது அவள் பக்கம் சாய்ந்துவிடும். ஜன்னல் பக்கம் யாராவது பெரியவர் வந்து, ஆறு மாதமாக நடக்கிறேன் என்று கத்தினால், நான் தலையைத் தூக்குவதற்குள் அவள் எழுந்து போயிருப்பாள். ஒரு தடவை நான் போட்ட கூட்டல் தப்பாகிவிட்டது. சூப்பரின்டெண்ட் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது யார் பார்த்தது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "என் கைல இருந்த ஃபைல் சார்" என்றாள். வாங்க வேண்டிய பேச்சையெல்லாம் நின்று வாங்கினாள். அவர் போன பிறகு நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உன்ன யாருக்கா கேட்டா? என் தப்புக்கு நான் திட்டு வாங்கிக்க மாட்டேனா?"

"வாங்கிப்ப. அழுதுகிட்டே வாங்குவ. அப்பறம் சாயந்தரம் வரைக்கும் நான்தான சமாதானம் பண்ணணும்? அதுக்கு இது சுளுவு."

இப்படிப்பட்டவர்களோடு எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள். நல்லது செய்துகொண்டே நம் வாயை அடைத்துவிடுவார்கள். அவள்மேல் எனக்கு இருந்த பிரியத்தில் பாதிக்குப் பாதி எரிச்சல் கலந்திருந்தது. இப்போது அந்த எரிச்சலுக்காகவும் சேர்த்துத்தான் ஏங்குகிறேன்.

அவளுக்குக் கையில் வலி என்று முதலில் கண்டுபிடித்தது நான். காட்டிக்கொடுத்தது டீ. அலுவலகத்துக்குக் கண்ணாடிக் கிளாஸில் டீ வரும். வலது கையால் எடுக்கிறவள், ஒரு வாரமாக இடது கையால் எடுத்தாள். கேட்டதற்கு, "சும்மாதான், அந்தக் கையும் பழகட்டும்" என்றாள். பிறகு ஒரு காலையில் ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினாள். நாங்கள் இருவரும் அவளுடைய ஸ்கூட்டரில்தான் டவுனுக்குப் போவோம். அவள் ஓட்டுவாள், நான் டிபன் பைகளோடு பின்னால் உட்கார்ந்திருப்பேன். அவளாக ஒன்றை என்னிடம் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"இன்னாக்கா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. முறுக்கிப் புடிச்சா முட்டிகிட்ட சுர்ருங்குது. நீ ஓட்டு."

ஓட்டினேன். லாஸ்பேட்டையிலிருந்து அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்கினேன். அதையும் அவள்தான் பின்னாலிருந்து பதில் சொல்லிச் சமாளித்தாள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். முழங்கைக்கு வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்த எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அக்கா கத்தவில்லை. அவள் காலில் கிடந்த செருப்பு மட்டும் மேஜைக்கு அடியில் பறந்து போனது. கையை மூடி மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, அதைக் கீழே அழுத்திப் பார்த்தார். அப்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டென்னிஸ் எல்போ" என்றார்.

"நான் டென்னிஸ் ஆடல டாக்டர், ஷட்டில்தான்."

"மட்டை எதுவானா என்ன? வெளிப்பக்கம் வலிச்சா டென்னிஸ்னு பேரு, உள்பக்கம் வலிச்சா கோல்ஃப்னு பேரு. துணி பிழியறவங்களுக்கும் வரும். ஒரே கை ஒரே வேலையை ஓயாம செஞ்சா தசைநார் தாங்காது. தெனமும் ஆடறீங்களா?"

"டபுள்ஸ்தான் டாக்டர்."

"அப்ப பாதி வேலைதானே" என்றார் அவர்.

நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அக்கா முறைத்தாள். கைக்கு ஓய்வு வேண்டும், மட்டையைத் தொடவே கூடாது, ஐஸ் வையுங்கள், முழங்கைக்குக் கீழே பட்டை போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும், "நல்ல வேளடி, உள்பக்கம் வலிக்கல. கோல்ஃப் ஆடறேன்னு சொன்னா குவார்ட்டர்ஸ்ல எவ நம்புவா?" என்றாள்.

குவார்ட்டர்ஸ் பெண்கள் டென்னிஸையும் நம்பவில்லை. ஆடாத ஆட்டத்துக்கு எப்படி வலி வரும்? இது பிசகு, மாவுக்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று நாலு பேர் சேர்ந்து தீர்ப்புச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்தவளை வில்லியனூர்ப் பக்கம் ஒரு கட்டுக்காரரிடம் அழைத்துப்போனார்கள். உளுத்தமாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, துணி சுற்றி, கையை மடக்க முடியாமல் கட்டிவிட்டார் அவர். முறியாத கைக்கு எலும்பு முறிவுக் கட்டு. அந்த முட்டை வாசனைக்குக் குவார்ட்டர்ஸ் பூனை இரண்டும் அவள் பின்னாலேயே சுற்றின. அலுவலகத்தில் இடது கையால் சீல் குத்தினாள். பாதி சீல் தலைகீழாக விழுந்தது. ஆனால் ஒன்று, அந்தக் கட்டுப் புண்ணியத்தில்தான் கைக்கு ஓய்வு கிடைத்தது. வலி நன்றாகக் குறைந்தது.

நாங்கள் நிம்மதியாக மூச்சு விட்ட மறுநாள் காலை, கட்டோடு கோர்ட்டில் வந்து நின்றாள். இடது கையில் மட்டை. பூனைகள் கோட்டுக்கு வெளியே.

"லெஸ்!" என்றாள், ஆட்டம் தொடங்கிய உடனே.

நான் மட்டையைக் கீழே வைத்துவிட்டேன். "அக்கா, நீ வெளிய போ. இல்லன்னா நான் போறேன். நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்ல? நடுவுல வர்றத எனக்கு விட்டாத்தான் என்னா? எனக்கு எடுக்கத் தெரியாதா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உனக்குத் தெரியும்டி. ஏன் தெரியாது? ஆனா நான் சும்மா நின்னா, நாளைக்கி என்னை யாரு ஆடக் கூப்புடுவாங்க?"

அவள் அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் எதுவும் இல்லை. தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். மாலையில் அலுவலகம் முடிந்து அவள் கீழ் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போவாள். அதற்குப் பிறகு அங்கே வானொலிச் சத்தம் மட்டும் கேட்கும். நான் மேலே குழந்தையோடும் குக்கரோடும் கத்திக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷம் அந்த மாடிப்படியில் ஏறி இறங்கியும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அடி அசடே, உன்னை நான் கூப்பிடாமல் வேறு யார் கூப்பிடுவார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாடியிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது என்று குரல் வந்தது.

மறு வருஷம் மாறுதல் வந்தது. புதுச்சேரி அரசாங்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மாஹே ஒரு பூச்சாண்டி. பெயருக்கு நம் ஆட்சிதான். இருப்பதோ கேரளத்துக் கடற்கரையில், ரயிலில் ஒரு முழு ராத்திரிக்கு மேல். எங்கள் செக்‌ஷனிலிருந்து முறை வைத்து ஒருவர் போக வேண்டும். அந்த முறை என் முறை. என் மகளுக்கு அப்போது வீசிங். பனி விழுந்தாலே நெஞ்சு விசில் அடிக்கும். அந்த ஊர் மழையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். குழந்தையை இங்கேயே விட்டுப் போகலாம் என்றால், வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிஃப்ட். பார்த்துக்கொள்ள ஆளில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்து அழுதேன். ஆபீசரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவில் இருந்தேன்.

லீவு முடிந்து போனால், என் மேஜையில் வழக்கம்போல் ஃபைல்கள். அவள் மேஜை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"ஆபீசர பாத்துச் சொல்லிட்டேன், நான் போறேன்னு. ஆர்டரும் மாத்தி வந்துடுச்சி" என்றாள்.

"உன்ன யாரு கேட்டா?" என் குரல் செக்‌ஷன் முழுக்கக் கேட்டது. "உன் கைக்கு அந்த மழையும் குளிரும் ஆவுமா? அங்க உனக்கு யாரு இருக்கறா?"

"இங்க மட்டும் யாரு... நீ இருக்கற, சரி. அங்க மாதா கோயில் இருக்குது, மலை மாதிரி மாதா. கடல் இருக்குது. ஷட்டில் கோர்ட்டும் இருக்குமாம், விசாரிச்சிட்டேன்."

"அக்கா!"

"நடுவுல விழுந்துச்சிடி. எடுத்தேன்."

அது நடுவில் விழவில்லை. நேராக என் தலையில் விழுந்தது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் குழந்தையின் நெஞ்சு மூச்சு வாங்கியதால் அவளுக்கு ஊர் மாறியது. நான் அழுதேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அதற்குள் அவள் பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, வழி இல்லை. அவள் போனால்தான் என் மகளுக்கு நல்லது. அவள் போனால் எனக்கு ஒன்றுமே இல்லை. இரண்டும் உண்மைதான், என்ன செய்ய?

கிளம்புகிற அன்று காலை, கடைசியாக ஒரு கேம் என்று எல்லாரும் இறங்கினோம். வலது கையில்தான் மட்டை பிடித்தாள், முழங்கைக்குக் கீழே பட்டை. பாதி ஆட்டத்தில் ஒரு காக் உயரமாக எழும்பி எங்கள் இரண்டு பேருக்கும் சரி நடுவில் இறங்கியது. நான் வழக்கம்போல் 'லெஸ்' வரும் என்று கையைத் தாழ்த்தி நின்றேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் மட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காக் எங்கள் நடுவில் சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது.

"எடுக்கறதுதான?" என்றாள்.

"நீ கத்துவன்னு நின்னேன்."

"இனிமே கத்த மாட்டேன்டி. நீதான் எடுக்கணும்."

எதிர்ப்பக்கத்துப் பெண்கள் பாயிண்ட் தங்களுக்கு என்று கூவினார்கள். நான் குனிந்து அதை எடுக்க வெகு நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு என்னோடு யார் யாரோ ஜோடி சேர்ந்தார்கள். எதிர் பிளாக்குக்குக் குடிவந்த ஒரு சின்னப் பெண்ணோடு நிறைய நாள் ஆடினேன். நல்ல பெண், ஆனால் நடுவில் காக் வந்தால் என்னைப் பார்ப்பாள். ஓடி எடுப்பேன். ஒரு நாள் என் வாயிலிருந்தே "லெஸ்!" என்று வந்தது. அந்தப் பெண் அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி முருங்கை மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

அக்கா திரும்பி வரவில்லை. மாஹே பிடித்துவிட்டது என்றாள். அங்கே போக அடுத்து ஒருவருக்கு முறை வந்தபோது அதையும் அவளே வாங்கிக்கொண்டாள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் செய்யக்கூடியவள்தான். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் போன் செய்வோம். என் மகள் வளர்ந்தாள், வீசிங் போன இடம் தெரியவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு நாள், பால் பாக்கெட்டைத் தூக்கும்போது என் வலது முழங்கையில் சுருக்கென்றது. மறுநாள் ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. டீ கிளாஸை இடது கையால் எடுத்தேன். எடுத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. டாக்டரிடம் போகவில்லை. வலி இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டேன். சொன்னால் பைத்தியம் என்பீர்கள், சந்தோஷமாக இருந்தது. உடனே போனை எடுத்தேன். அந்தப் பக்கம் மழை பெய்கிற சத்தம்.

"அக்கா, எனக்கும் வந்துடுச்சி."

"என்னாடி வந்துச்சி?"

"கை. முட்டிகிட்ட."

"எந்தப் பக்கம்?"

"வெளிப்பக்கம்."

அந்தப் பக்கம் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

"டபுள்ஸ்தான ஆடற? பாதி வேலைதான" என்றாள். அந்த டாக்டரை அவளும் மறக்கவில்லை.

"பாதி எங்க? எல்லாத்தையும் நானே எடுக்கறேன். பக்கத்துல நீ இல்லல்ல."

சொல்லிவிட்டேன். அவள் கிளம்பிய அன்றிலிருந்து சொல்ல வேண்டியது, போனில், மழைக்கு நடுவில், வலிக்கிற கையோடு சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, அந்தக் காலத்துக் கத்தலில் கால்வாசிகூட இல்லாத குரலில், "லெஸ்டி" என்றாள். "லெஸ்."

சமையலறையில் நின்றிருந்த எனக்குக் கை தானாகத் தாழ்ந்தது. பின்னாலிருந்து ஷூ சத்தம் மட்டும் வரவில்லை.